கந்தையும் கைங்கரியமும்

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கும் புதுமண்டபம் பெயரளவிலேதான் புதியது. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய மண்டபம் அது. வைகாசி வெப்பத்தில் அம்மையும் சொக்கநாதரும் எழுந்தருளி இளைப்பாறுவதற்கென்றே கட்டப்பட்டமையால் வசந்த மண்டபம் என்றும் அதனை அழைப்பர். நாயக்க மன்னர்களின் உருவங்களும் மீனாட்சி திருக்கல்யாணக் கோலமும் செதுக்கப்பட்ட அந்தத் தூண்களுக்கிடையே, பல தலைமுறைகளாகத் தையல் இயந்திரங்களின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

கோயிலுக்கு வந்த கிராமத்துப் பெண்கள் விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்து, புதுமண்டபத்தில் அளவு கொடுத்துவிட்டு, தரிசனம் முடித்துத் திரும்பும்போது தைத்த இரவிக்கையை வாங்கிச் செல்வது மதுரை வழக்கம். ஆனால் அங்கே தைக்கப்பட்டவை மனிதர் உடுத்தும் ஆடைகள் மட்டுமல்ல. தெய்வத் திருமேனிகளுக்குரிய வஸ்திரங்கள், தேருக்குத் தொங்கவிடும் தொம்பைகள், கொடிகள், திருவிழா வேடங்கள் என்று கோயில் சார்ந்த தையல் வேலைகள் பலவும் அங்கு நடந்தன. தொம்பை என்பது உருளை வடிவில் தைக்கப்படும் தேர் அலங்காரத் துணி. ஒரு நிறத் துணியின்மேல் வேறு நிறத் துணிகளைத் தாமரையாகவும் யாளியாகவும் மயிலாகவும் வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்துப் படைக்கும் கலை அது. வெட்டிய துண்டுகளைப் பொருத்தி ஒரு முழுமையை உண்டாக்குவதால், வீட்டில் பழஞ்சேலைகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்கு அது நெருங்கிய உறவு.

சித்திரைக்குத் தைத்த கைகள்

சித்திரைத் திருவிழா நெருங்கும்போது இத்தையற்காரர்களுக்கு உறக்கம் குறையும். மதுரைக்கு வடகிழக்கே சுமார் 21 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு, சித்திரை முழுநிலா நாளில் வைகையில் இறங்குகிறார். அவருக்கு வேண்டுதல் செய்துகொண்ட அடியவர்கள் தண்ணீர் பீய்ச்சுவோராகவும் திரி ஏந்துவோராகவும் வேடம் பூண்டு உடன் வருவர். அரைக்குச் சல்லடம், தலைக்கு உருமால், ஓரங்களில் குஞ்சமும் ஜிகினாவும் என்று அந்த வேடத்துக்கு ஒரு மரபுண்டு. பேராசிரியர் தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் இந்த அடியவர் மரபை விரிவாக ஆராய்ந்துள்ளார். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் அந்நூலை வெளியிட்டது. இந்த வேடங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தைத்து வருவோரில் இஸ்லாமியர் பலர் உண்டு என்பது மதுரை மக்கள் பெருமையோடு சொல்லும் செய்தி. அழகரின் அடியவருக்குரிய வேடத்தை அவர்கள் கையால் தைத்துத் தருவதில் ஊரின் ஒற்றுமை பேச்சில்லாமலே விளங்குகிறது.

இந்த வேடத்தின் துணி எளிய சோதனைக்கு உட்படுவதன்று. தண்ணீர் பீய்ச்சுவோர் தோல்பையில் நீர் நிரப்பிச் சித்திரை வெயிலில் மணிக்கணக்காக நிற்பவர். நீரும் வியர்வையும் அந்தத் துணியை நாள் முழுதும் நனைக்கும். சாயம் நில்லாத சிவப்புத் துணி மஞ்சள் ஓரத்தின்மேல் வழிந்தால் வேடம் பாழாகும். தைத்த பின் துணி சுருங்கினால் தையல் பிரியும். அடுத்த நாள் சரிசெய்து கொள்ளலாம் என்று சொல்ல இயலாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாள் ஆண்டுக்கு ஒன்றே. ஆகவே அந்த வேடத்தின் தரம் தையலில் மட்டும் இல்லை. ஊசி இறங்குவதற்கு முன்பு துணி எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டது, எவ்வாறு நனைத்து உலர்த்தப்பட்டது என்பதிலேயே பாதிக்குமேல் அடங்கிவிடுகிறது.

இடம் பெயர்ந்த இயந்திரங்கள்

2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, கிழக்குக் கோபுரத்தை அடுத்த வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்த கடைகள் எரிந்தன. கல் மண்டபமும் பெருஞ்சேதமுற்றது. கோயில் வளாகத்துக் கடைகள் குறித்த கேள்வி அதன் பிறகு கூர்மை பெற்றது. புதுமண்டபத்தையும் அதன் பழைய வசந்தவிழாக் கோலத்துக்கு மீட்க வேண்டும் என்ற நோக்கில், அங்கிருந்த வணிகர்களுக்கு அருகிலேயே குன்னத்தூர் சத்திரத்தில் மாற்றிடம் அமைக்கப்பட்டது. தூண்களுக்கிடையே ஓடிய தையல் இயந்திரங்கள் புதிய கட்டடத்தின் அறைகளுக்கு இடம் பெயர்ந்தன.

இதில் இரு பக்கமும் நியாயம் உண்டு. சிற்பங்களின்மேல் ஆணியடித்துக் கயிறு கட்டுவதும், துணிப்பொதிகளால் தூண்களை மறைப்பதும் எந்த மண்டபத்துக்கும் நல்லதன்று. அதே வேளையில், கோபுர வாசலில் நடந்து செல்வோரின் கண்ணில் படும்படி அமர்ந்திருந்த தொழிலாளிக்கு, தேடி வர வேண்டிய மாடிக் கடை ஒரு பெரிய மாற்றம். பழகிய இடம் போன பின்னும் அவரோடு வந்தது அவருடைய ஒழுங்கு மட்டுமே. கத்தரிக்கோலுக்கு ஓரிடம், நூற்கண்டுக்கு ஓரிடம், வெட்டிய துண்டுகளுக்கு ஒரு கட்டு என்ற அந்த ஒழுங்கு இருக்கும் இடத்தில் தொழில் மீண்டும் வேர்விடும். வீட்டின் ஒரு மூலையில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் குடும்பங்களும் கைக்கொள்ளத்தக்க பாடம் அது.

திருக்குறிப்புத் தொண்டரின் கந்தை

துணியை ஆயத்தம் செய்வதே ஒரு வழிபாடு என்பதற்குப் பெரியபுராணத்தில் உயர்ந்த சான்று உண்டு. காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்டர், சிவனடியார்களின் உடைகளை வெளுத்துத் தருவதையே தொண்டாகக் கொண்டவர். ஒரு குளிர்நாளில் மெலிந்த முதியவராக, அழுக்கேறிய கந்தையுடன் இறைவன் அவர்முன் வந்தார். அக்கந்தையை வெளுத்துத் தர நாயனார் வேண்டினார். குளிருக்கு வேறு துணையில்லை. பொழுது சாயுமுன் உலர்த்தித் தந்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு அது அவர் கைக்கு வந்தது. அவர் வெளுக்கத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. மாலை வரை விடவில்லை. ஈரக் கந்தை கையிலும் குளிரில் நடுங்கும் அடியவர் நெஞ்சிலுமாகக் கலங்கிய நாயனார், துணி துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதினார். அந்தக் கல்லருகே இறைவனின் திருக்கை தோன்றி அவரைத் தடுத்தது.

இறைவன் அவரிடம் பட்டாடை கேட்கவில்லை. ஒரு கந்தை வெளுத்து உலர்ந்து உரிய நேரத்தில் வர வேண்டும் என்றே கேட்டார். ஒட்டுப்போட்ட பழந்துணியைக் குறிக்கும் இந்தக் கந்தை என்னும் சொல்லோடு உறவுடைய வடசொல்லிலிருந்தே வங்காளத்துக் காந்தா போர்வையும் பெயர் பெற்றது. பழஞ்சேலைகளை அடுக்கி ஓடுதையல் இட்டுத் தாய்மார் தைக்கும் போர்வை அது. குழந்தைக்குத் தொட்டில் கட்டவும், பிறந்த பிள்ளையைக் கிடத்தவும் நம் வீடுகளிலும் தோய்த்துத் தோய்த்து மென்மையான பழஞ்சேலையைத்தான் தேடுகிறோம்.

அறை முதலில்

தையலறை என்று தனியறை எல்லா வீட்டிலும் இராது. கூடத்துச் சன்னலோரமே பலருக்குத் தையலறை. எவ்விடமாயினும் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் அதனைப் புதுப்பிக்க உகந்த காலம். சரஸ்வதி பூஜையன்று இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் இட்டு ஓய்வளித்து, விஜயதசமியன்று மீண்டும் தொடங்குவது மரபு. சந்தனம் இடுவதற்கு முன்பு செய்யவேண்டிய தூய்மைப் பணியே உண்மையான பூஜை.

முதலில் அறையிலுள்ள துணிகள் அனைத்தையும் வெளியே எடுத்து மூன்று பகுதிகளாகப் பிரிக்க வேண்டும்: இவ்வாண்டு தைக்கப் போவது, பிறருக்குக் கொடுக்கத்தக்கது, துடைப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாதது. பத்தாண்டாகப் பிரிக்காத பொதியில் பெரும்பாலும் இருப்பது துணியன்று, பூச்சிகளின் குடியிருப்பு. கஞ்சிப்பசை நீங்காத புதுத்துணியை இராமபாணப் பூச்சி விரும்பி அரிக்கும். ஆகவே கஞ்சி போக அலசி, நன்கு உலர்த்திய பின்னரே துணியை அடுக்க வேண்டும். அடுக்கின் இடையில் உலர்ந்த வேப்பிலையோ வசம்போ வைப்பது நம் பாட்டிமார் கையாண்ட முறை.

அடுத்து இயந்திரம். ஊசித்தகட்டைக் கழற்றினால் அதன் அடியிலும் பாபின் கூட்டிலும் நூற்பஞ்சு திரண்டிருப்பதைக் காணலாம். தூரிகையால் அதனை அகற்றிய பின்னரே எண்ணெய் விட வேண்டும். பஞ்சின்மேல் விட்ட எண்ணெய் பிசினாகி இயந்திரத்தை இறுக்கும். தையல் இயந்திரத்துக்குரிய எண்ணெயையே பயன்படுத்த வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் இறுகிவிடும். எண்ணெய் விட்டதும் ஒரு கழிவுத் துணியில் சிறிது நேரம் தைத்துப் பார்த்தால், மிகுந்த எண்ணெய் அதில் இறங்கிவிடும். மழுங்கிய ஊசியை மாற்ற வேண்டும். அத்தகைய ஊசி நூலை அறுப்பதோடு துணியின் இழையையும் இழுத்து ஓட்டையாக்கும். துணிக்கென வைத்த கத்தரிக்கோலால் காகிதம் வெட்டினால் அதன் முனை கெடும். வீட்டிலுள்ள அனைவருக்கும் இதைச் சொல்லி வைப்பது நலம்.

வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுமாறு அமர்ந்தால், வலக்கையால் தைப்பவரின் கைநிழல் தையலின்மேல் விழாது. விளக்கு வைத்த பின் ஊசியைக் கடன் கொடுக்கலாகாது என்று பெரியோர் சொன்னதில் ஒரு நடைமுறை அறிவும் உண்டு. மங்கிய ஒளியில் கைமாறும் ஊசி தரையில் விழுந்தால், அதைத் தேடிக் காண்பது குழந்தையின் பாதமாக இருக்கும். இஸ்திரிப் பெட்டியின் மின்கம்பி துணிக்குவியலின் வழியே செல்லாதிருக்க வேண்டும். பூஜை விளக்கும் ஊதுவத்தியும் துணியடுக்கிலிருந்து எட்டத்திலேயே இருக்கட்டும். துணி இருக்கும் இடத்தில் தீயைப் பற்றிய அச்சம் ஒருபோதும் மிகையாகாது.

துணியின் நீராட்டு

ஒட்டுத்துணிப் போர்வைக்குப் பருத்தியே ஏற்றது. பழஞ்சேலை பருத்திதானா என்ற ஐயம் எழுந்தால், ஓர் இழையை உருவிப் பாதுகாப்பாக ஒரு தட்டின்மேல் எரித்துப் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து மென்சாம்பலாகும். செயற்கை இழை உருகி மணிபோல் திரண்டு கெட்டியாகும். இவ்விரண்டையும் ஒரே போர்வையில் கலந்தால், ஒன்று சுருங்க மற்றொன்று சுருங்காமல் நிற்க, போர்வை அலையலையாக இழுபடும்.

பின்னர் நனைத்தல். மதுரை என்றவுடன் நினைவுக்கு வரும் சுங்குடியையே எடுத்துக்கொள்வோம். சௌராஷ்டிர நெசவாளரும் சாயக்காரரும் வளர்த்த இக்கலை 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியை முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்து, முடிச்சவிழ்க்கும்போது வெண்புள்ளிகள் மலர்வதே சுங்குடியின் அழகு. அருகில் வைத்துத் தைத்த சிவப்புத் துண்டின் சாயம் அந்த வெண்புள்ளியில் ஏறிவிட்டால் எவராலும் மீட்க இயலாது. எனவே ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே வெள்ளைக் கிண்ணத்தில் நீர்விட்டு ஊறவைத்துப் பார்க்க வேண்டும். நீர் நிறம் மாறினால், மாறாத வரை அலச வேண்டும். இறுதியாக, நனைத்த வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்த்தால் ஐயம் தீரும்.

கல்லுப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பருத்திக்குச் சாயம் ஏற்றும்போது உப்பு துணைசெய்வது உண்மையே. ஆனால் பிடிக்காமல் மிஞ்சிய சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தாது. அலசி வெளியேற்றுவதே வழி. எத்தனை முறை அலசினும் நிறம் வழியும் துணியைப் போர்வையில் சேர்க்காமல் விடுவதே விவேகம்.

வெளுத்த துணியை நிழலில் உலர்த்தி, சற்றே ஈரம் இருக்கும்போது இஸ்திரி போட வேண்டும். பெட்டியை இழுத்துத் தேய்த்தால் துணி கோணும். எடுத்தெடுத்து வைத்து அழுத்த வேண்டும். அதன்பின் ஓர் ஊடை இழையை மெல்ல உருவினால் நேரான கோடு கிடைக்கும். அக்கோட்டில் வெட்டிய துண்டு பாவும் ஊடையும் நேர்நிற்கும் துண்டாக அமையும். இறுகிய கரை விளிம்பை ஓரத்தில் நீக்கிவிட வேண்டும். அது மற்றத் துணியைப்போல் நெகிழ்வதில்லை.

அரைக்கால் அங்குலத்தின் கணக்கு

5 அடி அகலமும் ஏழரை அடி நீளமும் உள்ள ஒரு போர்வையைக் கருதுவோம். 60 அங்குலத்துக்கு 90 அங்குலம். 6 அங்குலச் சதுரங்களாகத் தைத்தால் குறுக்கே 10, நெடுக்கே 15; ஆக 150 துண்டுகள். ஐந்து பழஞ்சேலைகளிலிருந்து தலைக்கு 30 துண்டுகள் எடுத்தால் போதும். தையலுக்காக நாற்புறமும் கால் அங்குலம் விட வேண்டுமாதலால், வெட்டும் அளவு ஆறரை அங்குலம். இதை மறந்து 6 அங்குலமாகவே வெட்டிவிட்டால் தைத்த பின் ஒவ்வொன்றும் ஐந்தரை அங்குலமாகும். போர்வை அகலத்தில் 5 அங்குலமும் நீளத்தில் ஏழரை அங்குலமும் குறையும். கால் தெரியும் போர்வைதான் மிஞ்சும்.

சிறு பிழைகளும் கூடிக்கொண்டே போகும் இயல்புடையவை. ஒவ்வொரு துண்டிலும் அரைக்கால் அங்குலம் மிகுந்தால், 15 துண்டுகள் கொண்ட வரிசை ஏறத்தாழ 2 அங்குலம் நீண்டு, பக்கத்து வரிசையோடு சேராது நிற்கும். எனவே அட்டையில் ஓர் அளவுச் சதுரம் வெட்டி வைத்து, 150 துண்டுகளையும் அந்த ஒன்றைக்கொண்டே குறிக்க வேண்டும். முன் துண்டை வைத்துப் பின் துண்டை வெட்டினால், ஒன்றின் பிழையை மற்றொன்று சுமந்து செல்லும். வெட்டியவற்றைப் பத்துப் பத்தாகக் கட்டி எண் எழுதி வைப்பது, தைக்கும் நாளில் மனத்துக்கு எவ்வளவு அமைதி தரும் என்பதைச் செய்து பார்த்தவர் அறிவர்.

எந்தச் சேலையை வெட்டலாம்?

கத்தரிக்கோலை எடுக்குமுன் எழும் கேள்வி இது. மறைந்த தாயின் சேலையை வெட்டப் பல குடும்பங்களுக்கு மனம் வருவதில்லை. பெட்டிக்குள் வைத்தால் நினைவு காக்கப்படும் என்று எண்ணுவர். மடித்த மடிப்பிலேயே பருத்தி இற்றுப்போவதும், சரிகை கறுத்துப்போவதும் அவர்கள் அறியாமல் நிகழும். அந்தச் சேலையைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கலாம். கொசுவம் உராய்ந்த இடமும், காலடியில் பட்ட கரையோரமும் நைந்திருக்கும். முந்தானையின் பெரும்பகுதி உறுதியாக இருக்கும். நைந்ததை விலக்கி உறுதியானதை எடுத்துப் பேரப்பிள்ளையின் போர்வையில் சேர்த்தால், பாட்டியின் அணைப்பு அந்தப் பிள்ளையை எட்டும். ஆயினும் உடன்பிறந்தார் அனைவரையும் கேட்டு, இசைவு பெற்ற பின்னரே வெட்ட வேண்டும். வெட்டிய துணியை மீண்டும் சேலையாக்க இயலாது. அதன்பொருட்டு எழும் மனத்தாங்கலையும் எளிதில் தைத்துவிட இயலாது.

கோயிலில் அம்மனுக்குச் சாத்திய புடவை பிரசாதமாக வீட்டுக்கு வந்திருந்தால், அது உடுத்திப் பழகிய பின்னும் கால்படும் விரிப்பாகவோ துடைக்கும் துணியாகவோ ஆதல் தகாது. பாராயண நூல்களைச் சுற்றி வைக்கவும், கொலுப்படிக்கு விரிக்கவும், பூஜையறைத் திரைக்கும் அதனைப் பயன்படுத்தலாம். போர்வையில் சேர்ப்பதாயின் நடுவே, தலைப்பக்கமாக அமைவது மரியாதை.

குன்னத்தூர் சத்திரத்தில் இன்று தைக்கும் தொழிலாளிக்கும், சிம்மக்கல்லிலோ சோழவந்தானிலோ வீட்டு மூலையில் தைக்கும் குடும்பத்தலைவிக்கும் பணி ஒன்றே. காண்போர் புகழ்வது முடிந்த வேலைப்பாட்டை. அதற்கு முன்பு நடந்த அலசலையும் உலர்த்தலையும் அளத்தலையும் எவரும் காண்பதில்லை. காஞ்சியின் துவைகல்லருகே நீண்ட திருக்கை, அப்படி எவரும் காணாத உழைப்பை அறிந்தே நீண்டது. இந்த ஆயுத பூஜைக்குள் பழம்பொதியைப் பிரித்து, துணியை நனைத்து உலர்த்தி, அளந்து வெட்டி வைத்துவிட்டால், மார்கழிப் பனிக்குள் ஒரு போர்வை முடிந்துவிடும். இரண்டாவது ஒன்றையும் தைக்க நேரம் வாய்த்தால், கோபுர வாசலில் குளிரில் படுத்திருக்கும் முதியவர் ஒருவருக்கு அது சென்று சேரட்டும்.